ஐஸ் போடாத ரத்தம்

என் மகனின் ரத்தத்தை நீங்கள் கெட்டுப்போக விட்டீர்கள். கெட்டுப்போன ரத்தத்துக்கு 'நார்மல்' என்று சீல் குத்தி என் கையில் கொடுத்தீர்கள். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை.

படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது எங்கள் ஊரில் ஒரு மாடியில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் முதலாளியிடம். பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று பயமுறுத்தினார்கள். பரவாயில்லை, அவருக்குத் தெரியும்.

என் பெயர் சேவியர். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் ஷெட்டில் இருபது வருஷமாக வேலை செய்கிறேன். போட்டில் இருந்து இறங்கும் இறாலையும் கணவாயையும் தரம் பிரித்து, அரைத்த ஐஸைப் போட்டு, பெட்டி கட்டி வண்டியில் ஏற்றுவது என் வேலை. எழுதிப் பழக்கமில்லை. என் மகன் ஆல்வின் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இந்த நோயுள்ள பிள்ளைகளின் தகப்பன் தாய்மாருக்கு நடந்தது தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

நோயின் பெயர் அட்ரினோலுக்கோடிஸ்ட்ரோபி. வாயில் நுழையாது. ஏ.எல்.டி. என்று சொல்வார்கள். நாம் தின்பதில் இருந்தும் உடம்பு தானே உண்டாக்குவதில் இருந்தும் வருகிற ஒரு வகைக் கொழுப்பை உடைக்க இந்தப் பிள்ளைகளின் உடம்புக்குத் தெரியாது. அது போய் இரண்டு இடத்தில் தேங்கும். ஒன்று மூளை. இன்னொன்று, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. தாய் வழியாக வரும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் சின்ன வயதில் அடிக்கும்.

எங்களுக்கு இது தெரிய வந்தது என் மனைவி ரெஜினாவின் அக்காள் ஸ்டெல்லாவின் மகன் மூலமாக. டெரிக் என்று பெயர். எட்டு வயதில் அவன் கையெழுத்து கோணலாகப் போனது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டீச்சர் சேட்டை என்று எழுதி அனுப்பினார். கண் டாக்டரிடம் காட்டினார்கள், காது டாக்டரிடம் காட்டினார்கள். ஒரு வருஷத்தில் படுக்கையில் விழுந்துவிட்டான். இப்போது மூக்கில் குழாய் வழியாகத்தான் கஞ்சி. வெளியூர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துச் சொன்னபோது, தாயின் கூடப் பிறந்தவர்களின் ஆண் பிள்ளைகளையும் சோதித்துப் பாருங்கள் என்றார்கள். ஆல்வினுக்கு அப்போது ஏழு வயது. அவனுக்கும் இருந்தது.

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. மாமியார் வீட்டில் இது முன்னாடியே தெரிந்திருக்கும், மறைத்துத்தான் பெண்ணைக் கட்டிக் கொடுத்தார்கள் என்று நினைத்தேன். மாமியாரின் தம்பி ஒருத்தர் சின்ன வயதில் இறந்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "அந்தப் பையன் எதுல செத்தான்?" என்று கேட்டேன். ஸ்டெல்லா பாதிச் சோற்றோடு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

டாக்டர்கள் இரண்டு காவல் வைக்கச் சொன்னார்கள். மூளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். மாற்றம் ஆரம்பித்த உடனே கண்டுபிடித்தால்தான் ஏதாவது செய்ய முடியும். அட்ரினல் சுரப்பிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம். கார்ட்டிசால், ஏ.சி.டி.ஹெச். என்று இரண்டு ஹார்மோன் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கே எடுக்க வேண்டும். சுரப்பி படுத்தால் முதலில் ரத்தம்தான் சொல்லும், பயப்படாதீர்கள், மாத்திரை இருக்கிறது என்றார்கள். எனக்கு ஸ்கேன்தான் பயம். டெரிக்கைப் பார்த்திருக்கிறேன் அல்லவா. ரத்தப் பரிசோதனை நாளை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

முதல் தடவை உங்கள் நிலையத்துக்கு வந்த அன்று ஷெட்டில் ராத்திரி லோடு முடித்துவிட்டு நேராக வந்தேன். ரெஜினா பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கணவாய் நாற்றம் சோப்புப் போட்டாலும் போகாது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். எனக்கு அங்கேயே கோபம் ஏறிவிட்டது. உள்ளே கூப்பிட்டார்கள். ரத்தம் எடுக்கும் பெண், கனி என்று சட்டையில் எழுதியிருந்தது, சீட்டைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க ஹார்பர்லயா வேல பாக்கிய? கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா?" என்றாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஏளா, நான் என்ன மீன் விக்கவா வந்திருக்கேன்? பிள்ளைக்கு ரத்தம் எடுக்க வந்திருக்கேன். நாறுதுன்னா நேரா சொல்லு, சுத்தி வளைக்காத. ஒன் வேலயப் பாரு."

சத்தம் கேட்டு மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சார்" என்றாள். முகம் தொங்கிவிட்டது. ஆல்வின் கையில் ஊசி போட்டு, ஏ.சி.டி.ஹெச். பார்க்க ஊதா மூடி போட்ட குழாயில் ஒன்றும் கார்ட்டிசாலுக்கு மஞ்சள் மூடி போட்டதில் ஒன்றும் ரத்தம் எடுத்தாள். இரண்டையும் ஜன்னல் ஓரத்தில் இருந்த ஸ்டாண்டில் செருகினாள். "அப்பா, அவங்க பாவம்" என்றான் ஆல்வின் படியிறங்கும்போது. "நீ சும்மா வா" என்றேன்.

நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. நார்மல். ஆறு மாதம் கழித்து நார்மல். அதற்கு அடுத்ததும் நார்மல். இரண்டு வருஷத்தில் நான்கு தாள். ஆல்வினை வழக்கமாகப் பார்க்கும் பெரிய டாக்டர் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து ஃபைலில் குத்தினார். நான் உங்கள் நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்டாண்டுக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பேன். வேன் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்து குழாய்களை எடுத்துக்கொண்டு வெளியூர்த் தலைமை நிலையத்துக்குப் போகும் என்று வாட்ச்மேன் சொல்லித் தெரியும். எட்டு மணிக்கு எடுத்த ரத்தம் பன்னிரண்டு மணி வரை ஜன்னல் ஓரத்தில். எங்கள் ஊர் வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன்.

இந்த இரண்டு வருஷத்தில் பையன் கறுத்துக்கொண்டே வந்தான்.

சட்டென்று கறுக்கவில்லை. அதுதான் வினை. சாயங்காலம் ஆனால் கடற்கரையில் கிரிக்கெட், லீவு நாளில் காலையிலும் கிரிக்கெட். யாரைக் கேட்டாலும் வெயில் என்றார்கள். மாங்காய்க்கு உப்பு, கொய்யாவுக்கு உப்பு, சோற்றுக்கு மேல் உப்பு என்று கேட்டான். வெறும் கல் உப்பை வாயில் போட்டுச் சப்பினான். ஊரைச் சுற்றி உப்பளம் இருக்கும் இடத்தில் பிள்ளை உப்புத் தின்பதைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? முன்னே மாதிரி ஓடவில்லை, நடுவில் உட்கார்ந்து அம்பயர் ஆகிவிடுகிறான் என்று அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள்.

சர்ச்சில் முதல் தடவை அப்பம் வாங்கும் புதுநன்மை அன்று வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனோம். போட்டோக்காரர் விளக்கைத் திருப்பித் திருப்பி வைத்தார். "சட்டைக்கு லைட் வச்சா மூஞ்சி காணல, மூஞ்சிக்கு வச்சா சட்டை எரியுது அண்ணாச்சி" என்று சிரித்தார். ரெஜினா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, பிள்ள இப்படிக் கறுத்துட்டு வாரான். நீங்க ஒண்ணும் பாக்கலியா?"

"கடக்கரையே கதின்னு கெடந்தா கறுக்காம செவக்கவா செய்வான்?"

"வாய்க்குள்ளயுமா வெயில் அடிக்கும்? இங்கன வாங்க. ஈறப் பாருங்க."

பார்த்தேன். நாவல் பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. முழங்காலில் பழைய தழும்பு ஒன்று, சைக்கிளில் விழுந்தது. அது முன்னே வெளுத்துக் கிடந்தது. இப்போது கரி பூசிய மாதிரி இருந்தது.

பெரிய டாக்டரிடம் ஓடினோம். ஃபைலைப் புரட்டினார். "ஹார்மோன் எல்லாம் நார்மலா இருக்கே" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "அப்பா கலர் என்ன? நம்ம ஊர்ல யாரு செவப்பு?" என்றார். வாயைத் திற என்று பையனிடம் அவர் சொல்லவே இல்லை. தாளைப் பார்த்தவர் பிள்ளையைப் பார்க்கவில்லை. ரெஜினா வெளியே வந்து, "இவரு பாக்கவே இல்லியே" என்றாள். அவ்வளவு பெரிய டாக்டர் சொல்கிறார், உனக்கு என்ன தெரியும் என்று நான் அவளை அதட்டினேன். யாரையும் நம்பாத நான் நம்பிய ஒரே பொருள் உங்கள் சீல் குத்திய தாள்.

மழை ஆரம்பித்த சமயம் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்தது. ஆல்வினுக்கும் வந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தான். மற்ற பிள்ளைகள் இரண்டாம் நாள் எழுந்து தெருவில் சுற்றின. இவன் இரண்டாம் நாள் காலையில் உட்கார வைத்தால் சரிந்தான். கண் திறந்திருக்கிறது, பேச்சு இல்லை. கை ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிர் எனக்குத் தெரிந்த குளிர். தினமும் தொடுகிறேன். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். சர்க்கரை பார்த்தார்கள், அடியில் கிடந்தது. பிரஷர் மெஷின் இரண்டு தடவை கட்டியும் ஒன்றும் காட்டவில்லை. "வேற ஏதாவது நோய் இருக்கா?" என்று கேட்டார். ரெஜினா பாலிதீன் பையில் இருந்த ஃபைலை நீட்டினாள். முதல் பக்கத்தில் ஏ.எல்.டி. என்று பார்த்ததும் அந்த அம்மா மேலே படிக்கவில்லை. பையனின் உள்ளங்கையை விரித்து விளக்குக்கு நேரே பிடித்தார். ரேகை எல்லாம் மை ஊற்றின மாதிரி கறுப்பு.

"எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. நார்மல்" என்றேன்.

"அந்தப் பேப்பர் அப்படியே இருக்கட்டும் சார்." நர்சிடம் திரும்பி, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி எடுக்கச் சொன்னார்.

அது ஸ்டீராய்டு என்று எனக்குத் தெரியும். நான் கட்டிலுக்குக் குறுக்கே நின்றேன். "நீங்க யாரு? பெரிய டாக்டரக் கேட்டுட்டுப் போடுங்க. ஸ்டீராய்டு போட்டுப் பிள்ளைய என்னமாவது செஞ்சுட்டா?"

"அவர் வர்ற வரைக்கும் இவன் தாங்க மாட்டான். என் மேல கோபம்னா ஊசி போட்ட பெறவு படுங்க."

ரெஜினா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "நவுருங்க அங்கிட்டு."

ஊசி ஏறியது. சர்க்கரையும் உப்பும் கலந்த டிரிப் ஏறியது. பிரஷர் எழும்ப ஆரம்பித்தது. மதியத்துக்குள் கண் என் பக்கம் திரும்பியது. "அப்பா, தண்ணி" என்றான். நான் வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். அந்த டாக்டரம்மா வேலைக்கு வராத நாளாக அது இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆறு நாள் வார்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு உண்டு. கதவு திறக்கும்போதெல்லாம் பெஞ்சு முழுக்க எழுந்து நிற்கும். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் மிச்சப் பேர் உட்காருவார்கள். விளாத்திகுளத்தில் இருந்து வந்த ஒருவர், பேத்திக்காகக் காத்திருந்தவர், என்னிடம் சொன்னார்: "நர்சு செருப்புச் சத்தத்த வச்சே சொல்லிருவேன் தம்பி, நல்ல சேதியா கெட்ட சேதியான்னு." ஒரு தடவைகூட அவர் கணிப்பு சரியாக வரவில்லை. நான் ஒவ்வொரு டிரிப் பாட்டிலின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். காலாவதி மாதத்தைப் படித்தேன். நர்சுகளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. "சார், நீங்களே வந்து ஊசி போட்டுருங்க" என்று ஒருத்தி சொன்னாள்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா வந்தாள். டெரிக்கைப் புருஷனிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தூக்குவாளியில் கஞ்சி, பொட்டலத்தில் தேங்காய்த் துவையல். ரெஜினாவுக்கு ஊட்டிவிடாத குறை.

"என் பிள்ளைக்கு ஒரு ஊசியப் போட்டுத் திருப்பிக் கொண்டாற வழி இல்ல. ஒம்பிள்ளைக்கு இருந்துச்சி, போட்டாச்சி. அழாம சாப்பிடுளா."

என்னிடம் பேசவில்லை. போகும்போது பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தூக்கை வைத்துவிட்டுப் போனாள். அதில் எனக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாகப் போட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம்தான் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். காய்ச்சல், வாந்தி என்று உடம்புக்கு ஒரு கஷ்டம் வந்தால் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைக் கூட்டிக் கொடுக்கும். அதுதான் பிரஷரையும் சர்க்கரையும் தாங்கிப் பிடிப்பது. ஆல்வினின் சுரப்பியில் கொடுக்கச் சரக்கு இல்லை. அதனால் விழுந்துவிட்டான். இதற்கு அட்ரினல் நெருக்கடி என்று பெயர். ஊசி தாமதமானால் உயிர் போகும்.

"உங்க ஷெட்ல மேஸ்திரி உண்டுல்லா? வேல நடக்கலன்னா என்ன செய்வாரு?"

"சத்தம் போடுவாரு."

"தலைக்குள்ள ஒரு மேஸ்திரி இருக்காரு. அவரு போடுற சத்தம்தான் ஏ.சி.டி.ஹெச். சுரப்பி தளரத் தளர சத்தம் கூடும். கார்ட்டிசால் கடைசியிலதான் விழும், சத்தம்தான் முதல்ல ஏறும். அது ஏற ஏறத் தோலும் கறுக்கும். உங்க பையனுக்கு உள்ளங்கை இப்படிக் கறுக்கணும்னா ஒரு வருஷமாவது ஏறி இருக்கணும். ரிப்போர்ட்ல ஏறவே இல்ல. அதான் எனக்குப் புரியல." தாள்களை மறுபடி புரட்டினார். பிறகு கேட்டார்: "ரத்தம் எடுத்த உடனே குழாய ஐஸ்ல வச்சாங்களா?"

ஜன்னல் ஓரத்து ஸ்டாண்டில் வைத்தார்கள் என்றேன்.

"ஏ.சி.டி.ஹெச். சீக்கிரம் அழிஞ்சு போயிரும் சார். எடுத்த நிமிஷமே ஐஸ்ல வைக்கணும். குளிர்லயே மெஷின்ல சுத்தி ரத்தத்தப் பிரிச்சு உறைய வைக்கணும். வெளிய வச்சா, இருந்தது அழிஞ்சு, நார்மல் மாதிரி காட்டும். நடந்திருக்கலாம்னுதான் சொல்றேன். உறுதியாச் சொல்ல முடியாது."

ரெஜினா என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் ஐஸ் கேட்டதும் நான் கத்தியதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவள் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

என் வேலை என்ன என்று மறுபடி சொல்கிறேன். இறாலை ஐஸ் இல்லாமல் கால் மணி நேரம் தரையில் விட்டால் நான் ஷெட்டையே இரண்டாக்குவேன். செவுளைத் தூக்கிப் பார்த்து இந்த மீன் எவ்வளவு நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்று சொல்லுவேன். ஆனால் ஐஸ் என்றால் எனக்கு மீனுக்கு, செத்ததற்கு. ஓடுகிற உடம்பில் இருந்து எடுத்த சூடான ரத்தத்துக்கு ஐஸ் வேண்டும் என்று என் புத்திக்குப் படவே இல்லை. அவள் கேட்டபோது என் நாற்றத்தைத்தான் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.

ஆல்வின் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்து, எங்கள் ஷெட் மேஸ்திரி சூசை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏலே சேவியரு, வண்டில சரக்குக் கெட்டுப்போச்சுன்னு கம்பெனிக்காரன் தகராறு பண்ணுனா நாம என்ன செய்வோம்? ஒரே சரக்க ரெண்டு பெட்டில போட்டு, ஒண்ணு அவங்கிட்ட, ஒண்ணு நம்மகிட்ட. தொறந்து பாத்தா எவன் பெட்டி நாறுதுன்னு தெரிஞ்சிட்டுப் போவுது. அதச் செய்லே."

டாக்டரம்மாவிடம் கேட்டேன். முதலில் தயங்கினார். பிறகு ஆஸ்பத்திரியின் சொந்த லேபுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுக்கும் வரை காலை மாத்திரை போட வேண்டாம், எடுத்த உடனே போட்டுவிட வேண்டும் என்றார். எட்டு மணிக்கு உங்கள் நிலையத்துக்கு வந்தோம். நான் கேட்டபடி கனி ஒரே ஊசியில் ஊதா மூடிக் குழாய் இரண்டு எடுத்தாள். ஒன்றை வழக்கம்போல ஸ்டாண்டில் வைத்தாள். இன்னொன்றை நான் வாங்கி, பையில் சுற்றி, சூசை அண்ணன் தெர்மோகோல் பெட்டியில் போட்டுக் கொடுத்த அரைத்த ஐஸுக்குள் புதைத்தேன். ஆல்வின் மாத்திரையை விழுங்கினான். நான் பைக்கில் பெட்டியோடு ஆஸ்பத்திரி லேபுக்குப் போனேன். பத்து நிமிஷம்.

உங்கள் தாளில் நார்மல். ஆஸ்பத்திரித் தாளில், இருக்க வேண்டிய உச்ச அளவைப் போலப் பல மடங்கு. ஒரே பிள்ளை, ஒரே கை, ஒரே ஊசி.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு உங்கள் மேனேஜரைப் பார்த்தேன். "மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும் சார்" என்றார். கொஞ்சமா இது என்று கேட்டேன். "நாங்க எல்லாத்தையும் கூல் பாக்ஸ்லதான் அனுப்புறோம்" என்றார். காட்டுங்கள் என்றேன். எடுத்துக் காட்டினார். உள்ளே இருந்த ஜெல் பொட்டலம் கொழகொழவென்று கிடந்தது. அதன் மேல் யாருடையதோ மத்தியானச் சாப்பாட்டு டப்பா. மூடியை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முதலாளிகிட்டப் பேசிட்டேன் அண்ணாச்சி. இனிமே தம்பிக்கு இங்கன எல்லா டெஸ்டும் ஃப்ரீ. வாட்ஸப்புல மட்டும் போட்டுறாதிய."

கெட்ட மீனைச் சும்மா கொடுத்தால் வாங்குவேனா?

படியிறங்கும்போது கனி பின்னால் வந்தாள். பாதிப் படியில் நின்றாள்.

"அன்னைக்கு ஃபாரத்துல ஐஸ்னு போட்டிருந்துச்சி அண்ணாச்சி. எங்க பெட்டில ஐஸ் இல்ல. மேல கேட்டா, பார்ட்டிகிட்டயே கேட்டு வாங்கிக்கன்னாவ. ஒங்க சட்டையில கம்பெனி பேரு பாத்தேன். அதான் கேட்டேன்."

"தப்பு என் மேலதான்மா" என்றேன்.

"நீங்க சத்தம் போட்டிய. நீங்க போன பெறவு மேனேஜரும் ஏசினாரு, வாறவங்ககிட்ட என்ன கேள்வின்னு. பெறவு நான் யாருகிட்டயும் ஐஸ் கேக்கல."

யாரிடமும். அந்த வார்த்தைக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக அந்த ஜன்னல் ஓரத்தில் என் மகனின் குழாய் மட்டுமா இருந்தது? வேறு ஊதா மூடிகளும் இருந்தன. நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஏ.சி.டி.ஹெச். பார்க்க எடுத்தவை யாருடைய பிள்ளைகளின் ரத்தம்? அவர்கள் ஃபைலில் என்ன சீல் குத்தியிருக்கிறது? கறுத்துப்போன பிள்ளையை வைத்துக்கொண்டு வெயில் என்று சொல்லிக்கொண்டிருக்கும் தாய் தகப்பன் இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர்?

ஆல்வின் இப்போது ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரை போடுகிறான். காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி கூட்டிக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் ஊசிதான். ரெஜினா ஊசி போடக் கற்றுக்கொண்டாள். முதலில் கத்தரிக்காயில், பிறகு என் தொடையில் உப்புத் தண்ணீர் ஏற்றி. இரண்டாவது தடவை கொஞ்சம் வேண்டுமென்றே அழுத்தினாள் என்று எனக்குச் சந்தேகம். பையனின் புத்தகப் பையில் ஒரு அட்டை இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் என்ன ஊசி என்று எழுதி. ஈறு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அம்பயர் வேலையை விட்டுவிட்டான். அடுத்த ஸ்கேன் வரப்போகிறது. அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

பெற்றோருக்கு: ஏ.சி.டி.ஹெச். எடுக்கும்போது ஐஸ் எங்கே என்று கேளுங்கள். கண்ணால் பாருங்கள். தாள் நார்மல் என்றாலும் பிள்ளையின் வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள், உள்ளங்கையைப் பாருங்கள், பழைய தழும்பைப் பாருங்கள். டாக்டர் பார்க்கவில்லை என்றால், பாருங்கள் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருங்கள்.

முதலாளிக்கு: என் பங்குத் தப்பை நான் என் பெயரோடு எழுதிவிட்டேன். ஐஸ் கேட்ட பெண்ணை வாயடைத்தேன். துறைமுகத்தில் எல்லோரும் படிப்பார்கள், படிக்கட்டும். இனி உங்கள் முறை. ஏசி ரூமுக்குள் கூப்பிட்டு என்னிடம் பேச வேண்டாம். உங்கள் கவுண்டருக்கு மேல் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அதற்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். இந்த இரண்டு வருஷத்தில் ஐஸ் இல்லாமல் எத்தனை ஏ.சி.டி.ஹெச். குழாய்கள் அனுப்பினீர்கள், அவை எந்தெந்த நாளில் எடுத்தவை, அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு நீங்கள் சொல்லிவிட்டீர்களா இல்லையா, இந்த மூன்றுக்கும் பதிலைத் தமிழில், வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

ஷெட்டில் என் வேலை காலை ஏழு மணிக்கு முடியும். எட்டு மணிக்கு உங்கள் கவுண்டருக்கு வந்து அந்தச் சுவரைப் பார்ப்பேன். கையில் ஐஸ் பெட்டி இருக்கும். உங்கள் தாள் ஏறும் வரை, ஏ.சி.டி.ஹெச். சீட்டோடு வருகிற பிள்ளைகளுக்கு ஐஸ் நான் கொடுக்கிறேன். பதில் நீங்கள் சொல்லுங்கள்.